வாணியம்பாடியைக் காட்டி வாயை மூடாதீர்கள்

சென்னை வானகரத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் பேசினார். பல் டாக்டரிடம் போவது வீண்செலவு, போனால் உயிருக்கே ஆபத்து என்றார். சாட்சிக்கு வாணியம்பாடியை இழுத்தார். கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் பலர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாணியம்பாடியில் நடந்தது உண்மை. 2023-ல் தெரியவந்த கொடுமை அது. அங்குள்ள பல் கிளினிக் ஒன்றுக்குப் போன 10 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்னும் தொற்று மூளை வரை ஏறியது. 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும் துருவித் துருவி விசாரித்து 2025-ல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஈறை விலக்கப் பயன்படும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சத்தைப் பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்து வந்தவருக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரியவர் இதில் ஒரு வரியாவது சொன்னாரா? பாட்டிலை மறைத்துவிட்டுப் பல் வைத்தியத்தின் மேல் பழியைப் போட்டார். இறந்தவர்களுக்கு நியாயம் செய்ய நினைத்திருந்தால், “சலைனை என் கண்ணெதிரே திறவுங்கள், கருவியைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள்” என்று கற்றுக்கொடுத்திருப்பார். எட்டுப் பேர் சாவை வெறும் பயமுறுத்தலாக்கியது அநியாயம்.

அடுத்து, க்ளீன் பண்ணினால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்றார். பல தலைமுறையாக ஓடும் பொய் இது. நம் பக்கத்து போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிந்து இறுகுகிறதே, அதுபோலத்தான் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து பல்லின் அழுக்கில் ஏறிக் காரையாகிறது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டுப்படும். அந்தக் காரையின் ஓரத்தில் கிருமி குடியேறி, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. ஆட்டியது நோய், பழி டாக்டருக்கு.

“பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?” என்று அவர் கேட்டதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சி இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அதனால் சர்க்கரை மேலும் கூடும். 2022-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஈறுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்.பி.ஏ.1.சி., சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. இன்னொரு மாத்திரை சேர்ப்பதா வேண்டாமா என்று டாக்டர் யோசிக்கும் அளவில் இது சின்ன எண் அல்ல.

ஈறு நோயால் மாரடைப்பு வரும் என்று சொல்லும் அளவுக்கு நான் போக மாட்டேன். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுகிறது. ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருகிறது என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் செயற்கை வால்வு பொருத்தியவருக்கு வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகமில்லை.

ஆலங்குச்சி, வேலங்குச்சிப் பெருமையும் பேசினார். குச்சியை மென்று தேய்த்தால் மேல் அழுக்கு போகும், மறுக்கவில்லை. பல்லிடுக்குக்குள் அது போகாது, இறுகிய காரையைப் பெயர்க்காது. சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு பேஸ்ட்டை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. பழமை என்ற பெயரில் அவர் புகழ்ந்த பல்பொடிகளில் புகையிலை கலந்தவையும் ஒரு காலத்தில் இருந்தன. 1992-ல் மத்திய அரசு புகையிலை கலப்பதற்குத் தடை போட வேண்டியிருந்தது.

பல் வைத்தியம் பணக்காரர் சமாச்சாரம் என்றும் சொன்னார். அங்கே மட்டும் அவர் ஒரு நிஜமான வலியைத் தொட்டார். தனியார் கிளினிக்கில் ரூட் கெனால் செய்ய ஆகும் செலவு பல வீடுகளுக்குத் தாங்காது. ஆனால் நெடுஞ்சாலையில் அடுத்தாற்போல் வேலப்பன்சாவடியிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காசில்லாதவருக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் வழி சொல்லியிருக்கலாம். மைக் அவர் கையில்தான் இருந்தது. “போகாதீர்கள்” என்றார்.