ஃபயர்வாலை நிறுத்தச் சொல்லும் அண்ணன்களுக்கு

நான் படிப்பது பி.காம். உனக்கெதற்கு டேட்டாபேஸ் வேலை என்று வகுப்பில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு மண்டபத்தில் ஒரு கடை, ராமநாதபுரத்தில் ஒரு கடை. மண்டபத்தில் போடும் பில் ராமநாதபுரத்து மெஷினிலும் நகலாக ஏறவேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இதற்குப் பெயர் ரெப்ளிகேஷன். "தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று மாமா சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டேன் :-)

மூன்று நாளாகியும் ஏறவில்லை. ஸ்டேட்டஸில் 'கனெக்டிங்' என்றே நின்றது. விவரம் தெரிந்த அண்ணன்கள் மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர், "கடலோரத்து லைன் தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்தவர், "ஃபயர்வாலை நிறுத்து." மூன்றாமவர், "ரூட் யூசருக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வர அனுமதி கொடு."

"என்ன நம்பர் காட்டுது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கோபமே அதுதான்.

காட்டிய நம்பர் 2003, அதனுடன் 111. 111 என்றால் மறுப்பு. நாம் கதவைத் தட்டியிருக்கிறோம், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. பதில் வருகிறதென்றால் லைன் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பாவம், கடலைப் போய் திட்டிக்கொண்டிருந்தோம். ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தால் பெரும்பாலும் 110 வரும். காத்திருந்து நேரம் முடிந்துபோனதன் அடையாளம் அது.

உண்மையான காரணம் இவ்வளவுதான். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் போட்டால் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று இருக்கும். அதாவது, தன் மெஷினுக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டும்தான் அதற்குக் காது கேட்கும். அதை இரண்டு கடைக்கும் நடுவேயுள்ள விபிஎன் முகவரிக்கு மாற்றினேன். 111 போய் 2061 வந்தது. 2018-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. பாதுகாப்பான இணைப்பு வேண்டும் என்று கேட்கிறது. எஸ்எஸ்எல் போட்டேன். நகலெடுக்கும் உரிமை மட்டும் உள்ள தனி யூசர் ஒன்றை உருவாக்கினேன். ஓடிவிட்டது. ஃபயர்வாலைத் தொடவே இல்லை.

"எப்படியோ வேலை நடந்தால் போதாதா?" என்பார்கள். போதாது. டிரையல் பேலன்ஸ் பொருந்தவில்லை என்றால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுகிறோமே, அதனால் தப்பு திருந்திவிடுகிறதா? ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். பாஸ்வேர்டில்லாமல் இணையத்துக்குத் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை 2017 ஜனவரியில் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அவற்றைத் திறந்து வைத்தவர்களும் அன்று "வேலை நடந்துவிட்டது" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். அதே மாதம் 31-ஆம் தேதி, கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிப்போன நகல் டேட்டாபேஸை மறுபடி அமைக்க உட்கார்ந்தார்கள். போஸ்ட்கிரேஸ் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தபின் நகலெடுக்கும் கருவி எதுவும் சொல்லாமல் நின்றது. உண்மையில் அது முதன்மை மெஷினுக்காகக் காத்திருந்தது. கோளாறு என்று நினைத்து, நகல் மெஷினின் கோப்புகளை அழிக்கப்போன பொறியாளர் முதன்மை மெஷினில் அழித்துவிட்டார். 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. தினசரி பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொன்ன மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். அவர்கள் எதையும் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் நமக்கே தெரிகிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியபோதெல்லாம் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிட்டது. மண்டபத்தில் வண்டி நின்றதற்காக யாராவது சிக்னலைப் பிடுங்கிப் போடச் சொன்னார்களா? காற்று அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

எர்ரரும் சிக்னல்தான் அண்ணே. அடுத்தமுறை யாராவது உதவி கேட்டு வந்தால், "நிறுத்து, திற" என்று ஆரம்பிக்காதீர்கள். நம்பரைக் கேளுங்கள். அது தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவன் பி.காம். பையன், நீங்கள் சொன்னதை அப்படியே செய்துவிடுவான். போகப்போவது இன்னொருவருடைய கணக்கு.