எரிசாராயமும் ஏழையின் வண்டியும்

கரும்பினின்றும் தானியங்களினின்றும் வடித்தெடுக்கப்படும் எத்தனால் என்னும் எரிசாராயம் பெட்ரோலுடன் கலக்கப்பெற்று, 2025-ஆம் ஆண்டில் நம் நாடெங்கும் நூற்றுக்கு 20 பங்கு என்னும் அளவை எய்திற்று. அந்நிய எண்ணெய்க்குச் செல்லும் பொருள் குறைதலும், உழவர்க்கு வருவாய் பெருகுதலும் நன்றே. அவற்றை யாம் மறுக்கின்றிலேம்.

ஆயினும், எரிபொருளின் குணத்திற்கேற்பவன்றோ யந்திரம் அமைதல் வேண்டும்? ஒரு படி பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே ஒரு படி எத்தனாலில் உளது. எனவே, 20 பங்கு கலந்தவிடத்து, கலப்பில்லாப் பெட்ரோலை நோக்க, ஆற்றல் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு குறையும். அன்றியும், எத்தனால் காற்றிலுள்ள நீரை ஈர்ப்பது. தனக்கென அமையாத ரப்பர் உறுப்புகளை நாளடைவில் கெடுப்பது. அஃது எரிதற்கு வேண்டும் காற்று குறைவு. அவ்விகிதத்தைப் பழைய கார்புரேட்டர் தானே திருத்திக்கொள்ள வல்லதன்று.

பிரேசில் தேசத்தார் இம்முயற்சியை 1975-ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். 2003 முதல் எக்கலவைக்கும் இணங்கும் வண்டிகள் அங்கே விற்கப்படுகின்றன. எத்தனாலும் கலவைப் பெட்ரோலும் தனித்தனியே கிடைத்தலின், மக்கள் விலையை ஒப்பு நோக்கி வாங்குகின்றனர். எத்தனாலின் விலை மற்றதன் விலையில் நூற்றுக்கு 70 பங்கிற்கு மேற்படின் இலாபமன்று என்பது அவர்தம் கணக்கு.

நம் நாட்டிலோ, பழைய இருசக்கர வண்டியைக்கொண்டு பிழைப்பு நடத்தும் ஏழைக்குப் பெரும்பாலும் அத்தெரிவு இல்லை. நாட்டின் நன்மைக்காகும் செலவை அவன் தலையிற் சுமத்தல் முறையாகுமோ? 10 பங்குக் கலவையையும் உடன்வைத்து விற்றலும், ஆற்றல் குறைந்ததற்கு விலையும் குறைத்தலும் வேண்டுமென்பதே எம் துணிபு.