தொட்டிலருகே ஒரு பாய்



பிள்ளை பார்க்கப் போகும்போது நாம் என்ன வாங்கிப் போகிறோம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். பவுடர், சோப்பு, சின்னச் சட்டை, கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு வெள்ளிக் கொலுசு. எல்லாம் பிள்ளைக்கு! பெற்றவளுக்கு என்ன கொண்டு போகிறோம்? "பத்தியமாய் இரு, தலையில் ஈரம் வைக்காதே" என்று புத்திமதிகளைத்தான் கை நிறையக் கொண்டு போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். அதனால் நேர இருந்த ஒரு துன்பத்தைத்தான் இம்மாதம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அவள் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். பெயர் வேண்டாம். அவளே, "எழுதுங்க டீச்சர், நாலு பேருக்கு ஒதவும், பேர மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, தொழிற்சாலையில் நல்ல வேலைக்குப் போய், பட்டணத்து அடுக்குமாடியில் குடித்தனம் வைத்த கெட்டிக்காரப் பெண். கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நான்கு இரவு வீட்டில் இருக்க மாட்டார். தாயார் இல்லை. மாமியார் வந்து முப்பது நாள் பத்தியம் பார்த்துவிட்டு, மூத்த மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். பிள்ளை அறுவைச் சிகிச்சையில் பிறந்தது.

முப்பத்திரண்டாம் நாள் நான் பார்க்கப் போனேன். வீடு கண்ணாடிபோல் இருந்தது. ஐஸ்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. காலை நாலரைக்கு எழுதல், யோகா, தியானம், பால், பிள்ளைக் குளியல், பசியாறல், துணி என்று அரைமணிக்கு அரைமணி கட்டம் போட்டு எழுதியிருந்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர். பரீட்சை வருசம் இப்படித்தான போடச் சொன்னீங்க?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படித்தாம்மா இருக்கணும்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். யோகாவைக் கைப்பேசியில் படம் பார்த்துப் பழகுவதாகச் சொன்னாள். அதில் வருகிற பெண், பிள்ளை பெற்ற ஆறே வாரத்தில் வயிறு ஒட்டிப்போய், சிரித்த முகமாய், தலைகீழாக நிற்கிறாளாம்.

அந்த அட்டவணையில் சரி அடையாளமும் பிழை அடையாளமும் போட்டிருந்தாள். முதல் வாரம் முழுதும் சரி. பிறகு ஒன்றிரண்டு பிழை. கடைசி நான்கு நாளும் பிழைகளே. இருபது வருடத்துக்கு மேல் நோட்டுப் புத்தகம் திருத்தியவள் நான். ஒரு பிள்ளையின் பக்கத்தில் அத்தனை பிழை இருந்தால் அருகில் அழைத்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. "இராத்திரி தூக்கம் வரல டீச்சர், பிள்ள தூங்குனாலும் எனக்கு வரல" என்று அவளாகச் சொன்னதற்கும், "எல்லாருக்கும் வருவதுதான், போகப் போகச் சரியாயிடும்" என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, நள்ளிரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. "டீச்சர், பிள்ள அழுவுது. எனக்குத் தூக்கணும்னு தோணல. பக்கத்துல போவவே பயமா இருக்கு" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. "பிள்ளைய தொட்டில்ல விட்டுட்டு, வாசக்கதவத் தெறந்து வச்சிட்டு உக்காரும்மா. போன வைக்காத" என்று சொல்லி, என் வீட்டுக்காரரை எழுப்பி, இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக அவளைப் பேசவைத்துக்கொண்டே போனேன்.

விடிந்ததும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த தாதி அவளைத் திட்டவில்லை. ஒரு தாளைக் கொடுத்துப் பத்துக் கேள்விகளுக்கு விடை குறிக்கச் சொன்னார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தார் உருவாக்கி 1987-இல் வெளியிட்ட அந்தக் கேள்விகளை இன்று பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பன போன்ற எளிய கேள்விகள்தாம். அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர், "இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. நோய்தான், குணக்கேடு அல்ல. குணமாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சகோதரிகளே, இதை நாம் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. உடம்பில் சுரப்பு நீர்கள் திடீரென்று குறைவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், எதிலும் பற்றில்லாமல் போனால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற நினைவு எட்டிப் பார்த்தால், அது வேறு. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநோயால், பெரும்பாலும் மனச்சோர்வால், அவதிப்படுகிறார்கள். நம் லயத்திலும் தாமானிலும் எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் காற்றுக் கறுப்பு என்றும் திமிர் என்றும் சொல்லிக்கொண்டிருப்பது பாவம். இரவில் ஆபத்து என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

சரி, யோகாவால்தான் அவளுக்கு இப்படி ஆனதா என்று சிலர் கேட்பீர்கள். இல்லவே இல்லை. யோகம் நமக்குப் புதிதும் அல்ல. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். நம் தோட்டங்களுக்கும் இதில் ஓர் உறவு உண்டு. பத்தமடையில் பிறந்த ஒரு டாக்டர் 1913-இல் மலாயா வந்து, சிரம்பான் பக்கத்தில் ஒரு தோட்ட மருத்துவமனையில் நம் பாட்டன் பாட்டிகளுக்கு மருந்து கொடுத்தார். பிறகு ஜொகூரிலும் பணிசெய்து, 1923-இல் இந்தியா திரும்பித் துறவியானார். அவர்தான் ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர். உலகமெல்லாம் யோகத்தைப் பரப்பியவர், முதலில் தோட்டத்து நோயாளிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் என்பதை எண்ணும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

தவறு யோகத்தில் இல்லை. அதையும் ஒரு வீட்டுப்பாடமாக ஆக்கியதில்தான் இருந்தது. செய்யாத நாளெல்லாம் பிழை அடையாளம்! ஏற்கெனவே உடைந்து கிடக்கும் உடம்புக்கு அது இன்னொரு கண்டிப்பு. அமைதி வேண்டி விரித்த பாயில் அவள் தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள். அதற்கு அட்டவணை போடச் சொல்லிக் கொடுத்தவளும் நான், பாராட்டியவளும் நான்.

மருந்தும் ஆலோசனையும் ஒரு பக்கம் நடக்க, டாக்டரைக் கேட்டுக்கொண்டு நாங்கள் பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டு, பிள்ளை பெற்ற உடம்புக்கு ஏற்ற சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, மூச்சு. பால் கொடுக்க உட்காரும்போது முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை மெல்ல விடவேண்டும். பத்து முறை போதும். விடும் மூச்சு நீளும்போது நெஞ்சுப் படபடப்பு தணியும். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதுவே தியானம். இதைப் பிரசவித்த முதல் நாளே தொடங்கலாம்.

இரண்டாவது, அடித்தசை. சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து ஐந்து எண்ணிக்கை பிடித்து, ஐந்து எண்ணிக்கை தளர்த்த வேண்டும். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்லாமல் தவிக்கும் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது கைகண்ட பயிற்சி. ஆனால் சிறுநீர் கழிக்கும்போதே அடக்கிப் பழகக் கூடாது.

மூன்றாவது, தோளும் காலும். குனிந்து குனிந்து பால் கொடுத்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். தோள்களைப் பின்பக்கமாக மெல்லச் சுழற்றிவிட வேண்டும். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே சிறிது நடக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு; பத்தியம் என்று நாள் முழுதும் படுத்தே கிடப்பது நல்லதல்ல.

நான்காவது, சவாசனம். வேறொருவர் பிள்ளையை வைத்திருக்க, பத்து நிமிடம் மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளரவிடுவது. தூங்கிப்போனாலும் குற்றமில்லை!

மற்ற ஆசனங்களுக்கு அவசரம் வேண்டாம். ஆறாம் வாரப் பரிசோதனையில் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். அறுவைச் சிகிச்சையானால் இன்னும் பல வாரம் பொறுக்க வேண்டியிருக்கும். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடு புடைத்தால், வயிற்றுத் தசைகள் இன்னும் விலகியிருக்கின்றன என்று பொருள். அப்போது வயிற்றை இறுக்கும் பயிற்சிகள் கூடாது. கபாலபாதி, தலைகீழாக நிற்பது இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூண்டும் வெந்தயமும் மீனும் போட்டு நீங்கள் ஆக்கிப்போடும் பத்தியச் சாப்பாடு அருமையானது. ஆனால், "தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும்" என்று தாகத்தோடு வைக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆறவைத்த வெந்நீரைத் தாராளமாகக் கொடுங்கள்.

கணவர்மாருக்கும் ஒரு சொல். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டப்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. திருமணமான ஆண் தொழிலாளி அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருந்து, முன்கூட்டியே தெரிவித்திருந்தால், சம்பளத்துடன் 7 நாள் தொடர் விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளை நண்பர்களுக்கு விருந்து வைத்துக் கழித்துவிடாதீர்கள். இரவில் ஒரு முறையாவது பிள்ளைக்குத் துணி மாற்றி, ஏப்பம் விடவைத்து, தொட்டிலை ஆட்டுங்கள். தொடர்ந்து நான்கு மணிநேரத் தூக்கம் அவளுக்கு எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. என் மாணவியின் கணவர் முதலாளியிடம் பேசி, மூன்று மாதம் பகல் ஓட்டத்துக்கு மாறிக்கொண்டார். சம்பளம் குறைந்தது. "பொறவு சம்பாதிச்சிக்கலாம் டீச்சர்" என்றார். அந்தப் பையனை நான் அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. நல்ல நாளும் கெட்ட நாளுமாக ஏழெட்டு மாதம் ஓடியது. கிளினிக்குக்கு அவள் ஒரு தவணையும் தவறவில்லை. மாமியாரும் விவரம் தெரிந்தபின், பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாதம் ஒரு வாரம் வந்து தங்கினார்.

சென்ற மாதம் போயிருந்தேன். பிள்ளைக்கு ஒன்றரை வயது. அம்மா பாயை விரித்ததும் ஓடிவந்து வயிற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. "ஆசனமெல்லாம் எங்க டீச்சர் ஒழுங்கா வருது? மூச்சு மட்டும் விடாம செய்றேன்" என்று சிரித்தாள். ஐஸ்பெட்டிக் கதவைப் பார்த்தேன். அட்டவணை இல்லை. கிளினிக் தவணைச் சீட்டும், பிள்ளை கிறுக்கிய ஒரு தாளும் ஒட்டியிருந்தன.

இப்போது நான் பிள்ளை பார்க்கப் போனால், ஒரு தூக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் கொண்டு போகிறேன். முதலில் பெற்றவளின் முகத்தைப் பார்க்கிறேன். "நீ எப்படிம்மா இருக்க? தூங்குனியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போய் நிதானமாக் குளிச்சிட்டு வா" என்று அனுப்பிவைக்கிறேன். வாத்தியாரம்மாவுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? ஆனாலும் பழகிக்கொண்டேன்.

நீங்களும் அடுத்த முறை போகும்போது செய்து பாருங்கள். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.