வயசு ஒரு நோயல்ல

ஆரம்பாக்கத்தில் என் அம்மா, இருமினால் சிறுநீர் கசிவதைப் பல வருடம் மறைத்தார். ஒருநாள் துணிந்து டாக்டரிடம் சொன்னார். "வயசாயிடுச்சுல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்.

வயசு நோயின் பெயரல்ல. பிள்ளைப்பேற்றில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகள் இதற்கு முக்கியக் காரணம். பயிற்சியாலேயே பலருக்குக் குறையும். பிள்ளை பெறும்வரை நம் உடம்பைத் தேடிவரும் மருத்துவம், மாதவிடாய் நின்றதும் முகம் திருப்பிக்கொள்கிறது. ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்பவர்களோ பெண்கள்தான்.

இத்துறை நமக்குப் புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியது 1978-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது 1996-இல். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தது 2024-இல்.

ஆனால் ஆரம்பாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போக, கழிப்பறையில்லாத புறநகர் ரயிலில்தான் அம்மா ஏற வேண்டும். எந்த நோய்க்காகப் போகிறாரோ, அதுவே அவரைப் போகவிடாது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இது தெரிந்த டாக்டர் வேண்டும்.

மருத்துவம் படிக்கும் தங்கைகளே, எம்.டி.க்கு இதையும் எண்ணிப்பாருங்கள். வேறு துறைக்குப் போனாலும், பயிற்சிக் காலத்தில் முதியோர் வார்டில் சில வாரம் நில்லுங்கள். கல்லூரி தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வயதான பெண் எதிரே உட்கார்ந்தால், அவர் சொல்லக் கூசுவதை நீங்களே கேளுங்கள்.