சூளைக்கு ஏப்ரலில் ஆண்டு பிறப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊரை அடுத்த செங்கல் சூளையில் ஒடிசா பிள்ளைகளுக்காக நடந்துவந்த சிறப்புப் பயிற்சி மையம் மார்ச் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. "நிதியாண்டு முடிஞ்சுபோச்சு சார், புது ஒதுக்கீடு வரட்டும்" என்கிறார்கள் அதிகாரிகள். போன ஆண்டும் இதே பதில்தான்.

பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் இவை. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் அவர்களுக்கு நுவாகாய் திருநாள். அது முடிந்ததும் தரகரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, பொங்கலையொட்டி இங்கே வந்து இறங்குகிறார்கள். கல் அறுத்துக் கடனைக் கழித்து, ஜூனில் மழைக்கு முன் ஊர் திரும்புகிறார்கள். கணவன், மனைவி, கூட ஒரு பிள்ளை என்பதுதான் தரகர் போடும் ஆள் கணக்கு. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வர வழியில்லை.

மையத்துக்கு வந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பச்சைக் கல்லைப் புரட்டிப் புரட்டியே நூறு வரை எண்ணப் பழகியிருந்தாள். எண்ணத் தெரியும், எழுதத் தெரியாது. மார்ச் கடைசியில் சிலேட்டில் 46 வரை எழுதிக் காட்டினாள். ஏப்ரல் முதல் வாரம் போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அவள் களத்தில் கல் புரட்டிக்கொண்டிருந்தாள்.

6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அதே ஏப்ரல் 1 அன்றுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லாமல் போகிறது. மே மாதம் ஊர்ப் பள்ளிக்கும் விடுமுறை. அப்போது அவர்களுக்குச் சூளையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

இந்த மையங்களுக்குப் பணம் வருவது சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து. அதில் நூற்றுக்கு ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தர வேண்டும். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25இல் ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததை நாடறியும். அந்தத் தகராறு தீரும்போது தீரட்டும். ஆனால் பணம் ஒழுங்காக வருகிற ஆண்டிலும் மார்ச்சில் கணக்கை மூடிவிட்டு அடுத்த ஒப்புதலுக்குக் காத்திருந்தால், ஆறு மாதப் பருவத்தில் பாதி போய்விடுகிறது. பெரிய பள்ளிகள் இந்த இடைவெளியைத் தாங்கும். மாதச் சம்பளமும் இல்லாமல் மதிப்பூதியத்தை நம்பி ஒடியா சொல்லித்தரும் தன்னார்வலர் எப்படித் தாங்குவார்?

அரசிடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. பருவம் தொடங்கும்போதே ஜூன் வரைக்குமான செலவுக்கு ஒப்புதல் கொடுங்கள். ஒன்றியப் பங்கு தாமதமானால் மாநில நிதியிலிருந்து முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளுங்கள். சூளைக்காரர் பொங்கலுக்கு முன்பே முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் அந்த முன்யோசனை இல்லை?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்,
திருவள்ளூர் மாவட்டம்.