படிக்கிற பிள்ளை வேலைக்குப் போகலாமா?

காலேஜில் படிக்கும் பிள்ளை மாலை நேரத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன், வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றிய தீர்ப்பு அதற்குள் எழுதப்பட்டுவிடும். செம்பூரானாலும் முலுண்டானாலும் டோம்பிவிலியானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. அதே பிள்ளை நாளைக்கு மெல்போர்னுக்கோ டொரான்டோவுக்கோ போய் ஹோட்டலில் தட்டு கழுவினால், "பையன் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறான்" என்று சங்கத்துப் பொங்கல் விழாவில் நாலு பேரிடம் சொல்லி மகிழ்கிறோம். தட்டு ஒன்றுதான். கழுவுகிற ஊர்தான் வேறு.

இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கும் பிள்ளைகள் பகுதி நேரம் வேலை செய்யலாம், செய்வது நல்லதும்கூட. ஆனால் இப்போது நம் பிள்ளைகளில் பலர் செய்துகொண்டிருக்கும் விதத்தில் செய்யக்கூடாது. இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

ஏதோ மேல்நாட்டுப் பழக்கம் இப்போதுதான் நம் வீட்டுக்குள் நுழைகிறது என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. மாடுங்காவிலும் முலுண்டிலும் பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. ஆர்டிகிள்ஷிப் செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர்! காலை ஏழு மணிக்குக் காலேஜ், பத்து மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ், இரவு எட்டு மணிக்கு வீடு. அது வேலை இல்லாமல் வேறென்ன? 2023-ல் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப்பை மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைத்தார்கள். கிடைக்கிற ஸ்டைபண்ட் பல இடங்களில் ரயில் பாஸுக்கும் மதிய டிபனுக்குமே சரியாகப் போய்விடும். ஆனாலும் அதில் நமக்கு கௌரவக் குறைவு தெரிவதில்லை. ஆடிட்டர் ஆபீஸில் ஃபைல் தூக்கினால் பெருமை, மருந்துக் கடையில் பில் போட்டால் அவமானம் என்றால் நாம் வேலையை எடை போடவில்லை, நாற்காலியை எடை போடுகிறோம்.

நமக்கு முந்தைய தலைமுறையை நினைத்துப் பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்டும் கையில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறியவர்களில் எத்தனையோ பேர் பகலில் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்துகொண்டு காலையிலோ மாலையிலோ படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தாம். அந்த வாசலை இந்த ஊர் திறந்து வைத்திருந்தது. டாக்டர் அம்பேத்கர் 1945-ல் நிறுவிய பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியது. வேலைக்குப் போகும் ஏழை மாணவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே அங்கே காலை நேரத்தில் வகுப்புகள் வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1919-ல், சாதாரா பக்கத்தில் கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். உழைத்துக்கொண்டே படிப்பது என்பது அங்கே கல்வியின் ஒரு பகுதி. 'கமவா ஆணி ஷிகா' என்று மராத்தியில் சொல்வது இதைத்தான். பூனா பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. மாணவர்கள் நூலகத்திலும் தோட்டத்திலும் அலுவலகத்திலும் வேலை செய்து மணிக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுகிறார்கள். நாம் பிழைக்க வந்த மண்ணிலேயே இவ்வளவு நல்ல உதாரணம் இருக்கும்போது ஆஸ்திரேலியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

தாராவியில் நம்மவர்கள் இட்லி வியாபாரம் செய்வது எல்லோருக்கும் தெரியும். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டி, ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நகரம் முழுக்கப் போய்விடுவார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகள் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனதுண்டு. நான் அதைப் புகழ்ந்து பாட வரவில்லை. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. அதையும் அடுத்த ஆண்டு வந்த விதிகள் கட்டுப்படுத்துகின்றன: பள்ளி நேரத்தில் கூடாது, இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை கூடாது, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இட்லி அடுப்பு எரிகிற நேரமே அந்தத் தடை நேரம்தான்! விதி எழுதியவர் இட்லிக்காரரை நினைத்திருக்க மாட்டார். ஆனால் விடியற்காலைத் தூக்கம் பிள்ளைக்குச் சொந்தம் என்று அவர் நினைத்தது சரியே. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி இதற்கு மேல் வாதமே வேண்டாம். அவர்களுக்குப் படிப்பும் விளையாட்டும் போதும். நான் பேசுவது பதினெட்டு வயது நிரம்பிய காலேஜ் பிள்ளைகளைப் பற்றி.

இப்போது நடப்பதற்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம். 2020 ஊரடங்கில் தகப்பனாருக்கு வேலை போயிற்று. பிறகு கிடைத்தது பழைய சம்பளத்தில் பாதி. மகன் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் சேர்ந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குப் போக ஆரம்பித்தான். முதலில் சனி, ஞாயிறு மட்டும். பிறகு தினமும் இரவு ஏழு முதல் பன்னிரண்டு வரை. இரண்டு செமஸ்டர் போனதும் நான்கு பேப்பரில் கே.டி. காலேஜில் வருகை குறைவு என்று டிபால்டர் லிஸ்டில் பெயர். அவன் அம்மா ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அண்ணா, நீங்களாவது சொல்லுங்களேன், என் பேச்சு எடுபடவில்லை" என்றார். பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். "அங்கிள், மழை பெய்தால் இன்சென்டிவ் ஜாஸ்தி. அன்றைக்குப் பார்த்து எப்படி வீட்டில் உட்காருவது?" என்றான். ஜூலை மாத மழையில், பள்ளமும் மேனுமான ரோட்டில், அவசரத்துக்கு ஓட்டினால்தான் கூடுதல் காசு. முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகப் படுகிறது. மழை வந்தால் நாங்கள் வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்வோம். கசாரா காட்டில் மழைக்காலம் முழுக்க ராத்திரி ரோந்து போட்டோம். இங்கேயோ மழை வந்தால் வேகத்துக்குப் பரிசு தருகிறார்கள்.

அந்தப் பையனோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளைக்கு ஏழு மணி என்றால் 49 போயிற்று. காலேஜ் 30. போக வர 12. வீட்டில் படிக்க 20, அதற்குக் குறைந்தால் எஞ்சினியரிங் ஓடாது. குளிக்க, சாப்பிட, வீட்டு வேலைக்கு நாளைக்கு மூன்று மணி வீதம் 21. எல்லாம் போக மிச்சம் 36. இதில் பதினைந்து மணி நேரம் வேலைக்குக் கொடுத்தாலும் 21 மணி மிஞ்சும். நண்பர்களோடு பேசலாம், கிரிக்கெட் ஆடலாம், சும்மா படுத்திருக்கலாம். அவனோ வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். 36-லிருந்து 40-ஐ எப்படிக் கழிப்பது? முதலில் தூக்கத்திலிருந்து எடுத்தான். பிறகு காலேஜிலிருந்து எடுத்தான்.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் எல்லோரும் ரயில்வேயைத் திட்டுகிறீர்கள். திட்டிக்கொள்ளுங்கள். வாரத்தில் சில மணி நேரம் வண்டியை நிறுத்தி லைனைப் பார்க்காவிட்டால் மற்ற ஆறு நாளும் வண்டி ஓடாது என்பது எங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு மெகா பிளாக் கட்டாயம் வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பதோடு என்ன மாதிரியான வேலை என்பதும் முக்கியம். ரயில்வேயில் வேலை நேரத்தை நிர்ணயிக்கும்போது வேலையையே வகை பிரித்துவிடுவார்கள். கன்ட்ரோல் ஆபீஸில் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்க முடியாத வேலை ஒரு வகை. வண்டி அதிகம் ஓடாத இடத்தில் கேட்மேன் வேலை இன்னொரு வகை. ஆள் விழிப்பாக இருக்க வேண்டும், ஆனால் நடுவில் ஓய்வு உண்டு. எங்கள் செக்ஷனில் ஒரு கேட்மேன் அப்படிக் கிடைத்த ஓய்வில் புத்தகம் படித்து, துறைத் தேர்வு எழுதி கிளார்க் ஆனார். நான் டிப்ளமோவோடு வேலையில் சேர்ந்து ஏ.எம்.ஐ.ஈ. படித்தவன். செக்ஷன் ஏ முடித்தேன். செக்ஷன் பி பாதியில் நின்றது. ராத்திரி பிளாக்கில் தண்டவாளம் மாற்றிவிட்டு விடியற்காலை வந்து 'தியரி ஆஃப் ஸ்ட்ரக்சர்ஸ்' எடுத்தால் எழுத்துகள் நகர ஆரம்பித்துவிடும். மூளை என்னவோ அதே மூளைதான். வேலையின் வகை இடம் கொடுக்கவில்லை. ஆகவே மாணவர்களுக்கு ஏற்றது நூலகம், டியூஷன், மருந்துக் கடை, டாக்டர் கிளினிக்கின் ரிசெப்ஷன், கணக்கு எழுதுவது போன்றவை. உடம்பை முறிக்கிற, ராத்திரி விழிக்க வைக்கிற, ரோட்டில் ஓட வைக்கிற வேலைகள் ஏற்றவையல்ல.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணில் படிக்கும் பிள்ளை ஃபோர்ட்டில் வேலை என்று போனால் ஒரு வழிக்கே 54 கிலோமீட்டர். 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே லோக்கல் வண்டியின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆபீஸ் நேரக் கூட்டத்தில் பிள்ளையைக் கூடுதலாக ஒரு தரம் ஏற்றி அனுப்பும் அளவுக்கு எந்தப் பகுதி நேர வேலையும் பெரிதல்ல.

"கையில் காசு புழங்கினால் படிப்பு ஏறாது" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பத்தொன்பது வயதில் மாதம் பதினைந்தாயிரம் பெரிய பணம். அதை வைத்துப் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. இருபத்தொன்பது வயதில் அதே வேலையில் அதே பதினைந்தாயிரம்தான் வரும்; அப்போது கல்யாணமும் ஆகியிருக்கும். ஆனால் மாதம் ஐந்தாறு ஆயிரம் வருகிற வேலையை நம்பி யாரும் படிப்பை விடமாட்டார்கள். பகுதி நேர வேலையின் ஊதியம் கொஞ்சமாக இருப்பது ஒரு வகையில் பாதுகாப்பு.

அந்நிய நாடுகளிலும் மாணவர்களைக் கண்டபடி வேலை செய்ய விடுவதில்லை என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வெளிநாட்டு மாணவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கனடாவில் 2024 நவம்பரில் வாரத்துக்கு 24 மணி நேரம் என்று வைத்தார்கள். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவருக்கு 20. இங்கே நம் பிள்ளைகளுக்கு வரம்பு கட்ட அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. நாம்தான் கட்ட வேண்டும். பதினைந்து மணி என்று நான் சொல்வது அந்தக் காகிதக் கணக்கிலிருந்து வந்தது. முதல் வருஷம் வேண்டாம்; இரண்டாம் வருஷத்திலிருந்து போகட்டும். பரீட்சை மாதத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் வேலைக்குப் போனால் தடுக்கிறோம். மகள் போகிறேன் என்றால் பேச்சையே எடுக்க விடுவதில்லை. ஆனால் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள், சமையலறையில் அம்மாவுக்குக் கை கொடுப்பாள். வாரத்துக்குப் பதினைந்து மணி அவள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறாள், கூலி மட்டும் இல்லை. டியூஷனுக்குக் காசு வாங்கச் சொல்லுங்கள். அவள் பெயரில் ஒரு பாங்க் கணக்கும் இருக்கட்டும்.

இதில் பெரிய தடை மணிக்கணக்கில் ஆள் வைக்கும் பழக்கம் நம் கடைகளுக்கு இல்லாதது. 1948-ன் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே மணிக்கும் நாளுக்கும் மாதத்துக்கும் ஊதியம் நிர்ணயிக்க இடம் இருந்தது. நடைமுறையில் கடைக்காரர் கேட்பது காலை பத்து முதல் இரவு பத்து வரை நிற்கும் ஆளைத்தான். மாணவனுக்கு ஒத்துவருகிற மாதிரி நேரம் கொடுப்பது இன்றைக்கு டெலிவரி கம்பெனிகள் மட்டுமே. அதனால்தான் பிள்ளைகள் அங்கே போய் விழுகிறார்கள்.

நம் சங்கத்தில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வைத்திருப்பவர்கள், மெஸ் நடத்துபவர்கள், ஆடிட்டர்கள், கோச்சிங் கிளாஸ் நடத்துபவர்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள். மாலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ வைத்துக்கொள்ள இவர்களில் பத்துப் பேர் முன்வந்தால் போதும். மணிக்கு 100 ரூபாய்க்குக் குறையக்கூடாது. வாரத்துக்குப் பதினைந்து மணி என்றால் மாதம் ஆறாயிரம். சம்பளம் பிள்ளையின் கணக்கில் போக வேண்டும், "அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்" என்ற பேச்சு கூடாது. செமஸ்டர் மார்க் ஷீட்டைச் சங்கத்தில் காட்ட வேண்டும், இரண்டு கே.டி. விழுந்தால் வேலை நிறுத்தப்படும். ஊதியத்தை முடிவு செய்ய செயற்குழுவில் ஒரு சிறு துணைக்குழு போடலாம். பட்டியல் தயாரித்து, யாருக்கு எங்கே என்று பார்த்து அனுப்பும் வேலையை நான் செய்கிறேன். ரிட்டயரான பிறகு எனக்கும் பகுதி நேரம்தான்.

ஜூனில் காலேஜ் திறப்பதற்குள் இதைத் தொடங்க முடிந்தால் எங்கள் கட்டடத்துப் பையன் பெயரை முதலில் எழுதுவேன். அவன் இன்னும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறான்.