மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டரா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட் அசோசியேஷனில் ஒரு தீர்மானம். மழைக்காலத்துக்காக வாங்கியிருக்கும் பெட்ரோல் ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டலாமாம். நனையாது, திருடு போகாது. நான் ஒருத்திதான் கை தூக்கவில்லை. "டீச்சர் இன்னும் கிளாஸ் எடுக்கறதை விடலை" என்று ஒருவர் சிரித்தார். விடவில்லைதான்.

2016 டிசம்பர் 12, வார்தா புயல். தி.நகரில் தங்கை வீட்டில் இருந்தேன். மரங்கள் சாய்ந்து, கரண்ட் போனது போனதுதான். இரண்டாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வாடகை ஜெனரேட்டரைப் படிக்கட்டு ஓரத்தில் ஓட்டினார். கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து நாங்கள் ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தோம். ராத்திரி தங்கைக்குத் தலைவலி, அவள் பேரனுக்கு வாந்தி. ஹோட்டல் பொங்கல் மேல் பழியைப் போட்டோம். பொங்கலைத் தொடாத எனக்கும் தலை சுற்றியபோதுதான் உறைத்தது. பால்கனிக் கதவைத் திறந்து, நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். "ஜன்னலைத் திறந்து வைப்போமே" என்கிறார்கள். போதாது! படிக்கட்டு என்பது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போகிற புகைக்குழாய். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து கரண்ட் போனபோது, கராஜில் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவர்களும் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் பிணமாக. டல்லாஸ், ஹூஸ்டனில் இருக்கும் என் பிள்ளைகளே, கராஜ் கதவு திறந்திருந்தாலும் அது கராஜ்தான். கதவு ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

இன்னொரு மேதை, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் சுவர் பாயின்ட்டில் கரண்டை ஏற்றலாம் என்றார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் அந்த மின்சாரம் தெருவுக்குத் திரும்பும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கிப் போனால் 11,000 வோல்ட் லைனுக்கே உயிர் வரும். நமக்காகக் கொட்டும் மழையில் கம்பம் ஏறியிருக்கும் ஈபி லைன்மேன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். (சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியிராது என்று நம்புகிறேன்.)

எங்கள் காம்பவுண்டில் 20 அடி தள்ளி ஒரே இடம்தான் இருக்கிறது, கேட் மூலை. அங்கே செக்ரட்டரியின் கார் நிற்கிறது. விவகாரம் புரிகிறதா? மேலே தகரக் கூரை, காலில் சங்கிலிப் பூட்டு போட்டால் நனையவும் நனையாது, திருடும் போகாது. தகரச் செலவு என் பென்ஷனிலிருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு மறுபடி கூட்டம். கார் நகரும் வரை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.